பன்றி வீட்டு மண்ணில் யார் போட்ட முட்டை?

பன்றி வளர்க்கும் வீட்டு முற்றத்து மண்ணில் பன்றி நாடாப்புழுவின் முட்டை அகப்பட்டால், அதை அங்கே போட்டது பன்றியாக இருக்கவே முடியாது. மனிதர் ஒருவர்தான் போட்டிருக்க வேண்டும். இது புரிந்துவிட்டால் மண்ணைப் பரிசோதிக்கும் வேலை முழுவதும் வேறு மாதிரித் தெரியும். புரியாமல் இறங்கினால், எவ்வளவு விலையுயர்ந்த கருவி வாங்கி வைத்தாலும் கடைசியில் பழி பன்றி வளர்ப்பவர் தலையில்தான் விழும். நம் ஊர்களில் அது ஏற்கெனவே போதுமான அளவுக்கு விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

டீனியா சோலியம் என்ற இந்தப் புழு முதிர்ந்து முட்டையிடுவது மனிதக் குடலில் மட்டுமே. இரண்டு முதல் நான்கு மீட்டர் நீளம் வளரும். சில இன்னும் நீளும். உடல் முழுக்கக் கண்ணி கண்ணியாக ஆயிரம் துண்டுகள் வரை இருக்கும். வால்பக்கத்து முதிர்ந்த துண்டு ஒவ்வொன்றிலும் 50,000 முட்டைகள் வரை அடைந்திருக்கும். அந்தத் துண்டுகள் ஒன்றிரண்டாகக் கழன்று மலத்தோடு வெளியேறுகின்றன. வயிற்றில் புழு இருப்பவருக்குப் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தெரிவதில்லை. அவர் திறந்தவெளியில் ஒதுங்கினால் அந்த முட்டைகள் மண்ணுக்குப் போகின்றன. மேயும் பன்றி அதைத் தின்கிறது. பன்றியின் குடலில் முட்டை உடைந்து, ஆறு கொக்கிகள் கொண்ட இளம்புழு வெளிவந்து, குடற்சுவரைத் துளைத்து, இரத்தத்தில் ஏறித் தசைக்குப் போய், பயறு அளவு நீர்க்கட்டியாக உட்கார்ந்துகொள்கிறது. அந்த இறைச்சியைச் சரியாக வேகவைக்காமல் சாப்பிடுபவரின் குடலில் கட்டி விரிந்து மீண்டும் நாடாப்புழுவாகிறது. இந்தச் சுற்றில் பன்றியின் சாணத்துக்கு இடமே இல்லை.

கட்டிதான் புழுவாகிறது என்பதை முதலில் நிரூபித்தவர் ஜெர்மானிய மருத்துவர் ஃபிரெட்ரிக் கூக்கன்மைஸ்டர். 1855இல் அவர் செய்த சோதனையை இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. மரண தண்டனை விதிக்கப்பட்ட கைதிக்கு, அவர் அறியாமல், பன்றி இறைச்சிக் கட்டிகளை உணவில் கலந்து கொடுத்தார். தண்டனை நிறைவேறிய பின் உடலைத் திறந்து பார்த்து, குடலில் இளம் நாடாப்புழுக்கள் ஒட்டிக்கொண்டிருந்ததைக் காட்டினார்.

குடலில் ஒரு புழு இருப்பது பெரிய ஆபத்தில்லை. ஆபத்து முட்டையில் இருக்கிறது. பன்றி விழுங்க வேண்டிய முட்டையை மனிதர் விழுங்கிவிட்டால், இளம்புழு பன்றியின் உடலில் செய்வதை மனித உடலிலும் செய்யும். தசையில் உட்கார்ந்தால் தெரியாமலே போகலாம். மூளையில் உட்கார்ந்தால் வலிப்பு வரும். இந்தியாவில் இது முதலில் பதிவானது சென்னையில்தான்: 1888இல், வலிப்பு கண்டு இறந்துபோன ஒரு கூலித் தொழிலாளியின் மூளையில் இந்தக் கட்டிகள் இருந்ததை ஆம்ஸ்ட்ராங் என்ற மருத்துவர் எழுதி வைத்தார். பிறகு, இந்தியாவில் பணிபுரிந்து ஊர் திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பல ஆண்டுகள் கழித்து வலிப்பு வரத் தொடங்கியது. அவர்களைத் தொடர்ந்து கவனித்து 450 நோயாளிகளின் வரலாற்றை டிக்ஸன், லிப்ஸ்கோம்ப் என்ற மருத்துவர்கள் 1961இல் வெளியிட்டார்கள்.

நமக்கு நெருக்கமான அத்தியாயம் வேலூரில் எழுதப்பட்டது. 1980களில் சிடி ஸ்கேன் பரவலானபோது, வலிப்போடு வந்த பலரின் மூளையில் ஒரேயொரு சிறு புள்ளி தெரிந்தது. இந்தியாவில் அதைக் காசநோய்க் கட்டி என்று கருதி மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் நரம்பியல் அறுவை மருத்துவர்கள் மேத்யூ சாண்டியும் வேதாந்தம் ராஜசேகரும் அந்தப் புள்ளியையே வெளியே எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அதில் பல, சாகும் நிலையில் இருந்த நாடாப்புழுக் கட்டிகள். 1989இல் ‘லான்செட்’ இதழில் அது வெளியானது. பின்னர் அதே மாவட்டத்தில் 50,000க்கும் மேற்பட்டவர்களை வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். ஆயிரத்துக்கு ஏறத்தாழ நான்கு பேருக்கு வலிப்பு நோய் இருந்தது. அவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்குக் காரணம் இந்தப் புழு. இது 2006இல் வெளியான கணக்கு. அதே மாவட்டத்தின் கணியம்பாடி ஒன்றியத்தில் தொற்று எங்கெங்கே திரண்டிருக்கிறது என்று வரைபடத்தில் தேடிய ஆய்வு 2010இல் வந்தது.

வரைபடத்தில் தேடுவது என்று வந்துவிட்டால் அடுத்த கேள்வி மண்ணைப் பற்றியதாகத்தான் இருக்கும். வேலூரிலிருந்து பாலாற்றைப் பிடித்துக்கொண்டு கிழக்கே வந்தால் செங்கல்பட்டு. ஆற்றுப் பாலத்தைத் தாண்டி மதுராந்தகம் போகும் ஜிஎஸ்டி சாலையில் படாளம். கூட்டுறவுச் சர்க்கரை ஆலை, ரயில் நிலையம், வேடந்தாங்கலுக்குத் திரும்பும் சாலை, சுற்றிலும் ஏரிப்பாசன வயல்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று கண்டுகொண்டு வேடந்தாங்கல் பறவைகளைத் தலைமுறைகளாகக் காத்த வட்டாரம் இது. எந்த எச்சம் எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்கத் தெரிந்தவர்களுக்கு மண் பரிசோதனையைப் புரிய வைப்பது கடினமில்லை. இப்படி ஓர் ஊரில், பன்றி வளர்க்கும் வீடுகளைச் சுற்றிய மண்ணில் புழு முட்டையைத் தேட வேண்டும் என்றால் எப்படித் தேடுவது?

முதல் முடிவு, எங்கே தோண்டுவது என்பது. தோண்டுவது என்று சொல்வதே கூடப் பொருந்தாது; மேல்மண்ணைச் சுரண்டினால் போதும். முட்டைகள் மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள்தான் பெரும்பாலும் கிடக்கும். பன்றிப் பட்டியின் வாசல், குழாயடி, துவைக்கும் கல்லைச் சுற்றிய ஈரம், வாழைமரத்தடி, குழந்தைகள் விளையாடும் நிழல், ஏரிக்கரையில் மக்கள் ஒதுங்கும் புதர் ஓரம், ஓடை வளைவு என்று ஒவ்வொன்றிலும் தனித்தனியாக எடுக்க வேண்டும். முட்டைகள் மண்ணில் சீராகப் பரவியிருப்பதில்லை. ஒரு துண்டு விழுந்த இடத்தில் பல்லாயிரம் இருக்கும். இரண்டடி தள்ளி ஒன்றுகூட இருக்காது. ஒரே வீட்டில் ஒரே கைப்பிடி மண்ணை எடுத்துவிட்டு, இங்கே இல்லை என்று எழுதுவது அர்த்தமற்ற வேலை.

காலமும் முக்கியம். இந்த முட்டைக்குப் பிடிக்காதவை வறட்சியும் வெயிலும். அக்னி நட்சத்திரத்தில் வெட்டவெளி மண்ணில் கிடப்பவை காய்ந்து சாகும். நிழலும் ஈரமும் கிடைத்தால் மாதக்கணக்கில் பிழைக்கும். வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது முட்டைகள் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு அடித்துச் செல்லப்படும். ஆகவே, மழை ஓய்ந்து மண் ஈரமாக இருக்கும் தை, மாசியில் ஒரு முறையும், கோடையில் ஒரு முறையும் பார்ப்பவருக்கு இரண்டு வேறு கதைகள் கிடைக்கும்.

மண்ணை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்ததும் தொடங்குகிறது உண்மையான தலைவலி. முட்டையின் குறுக்களவு 30 முதல் 40 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் முப்பதை வரிசையாக அடுக்கிவிடலாம். நுண்ணிய வண்டலின் துகளும் ஏறக்குறைய அதே அளவு. சல்லடையால் மட்டும் இரண்டையும் பிரிக்க முடியாது. அதனால் எடையின் வித்தியாசத்தைப் பயன்படுத்துகிறார்கள். மதுராந்தகம் பக்கத்து நெல் விவசாயிக்கு இந்த உத்தி புதிதில்லை. விதைநெல்லைத் தேர்ந்தெடுக்கும்போது தண்ணீரில் கோழிமுட்டையைப் போட்டு, அது மேலே மிதந்து தலைகாட்டும் வரை உப்பைக் கரைத்து, பிறகு நெல்லைக் கொட்டிப் பதரை மேலே ஒதுக்கி, மணி நெல்லைக் கீழே சேர்ப்பார்கள். ஆய்வகத்தில் நடப்பதும் அதேதான். இங்கே வேண்டியது மேலே மிதப்பது.

முதலில் மண்ணைச் சோப்புத் தன்மையுள்ள கரைசலில் ஊறவைத்துக் குலுக்குகிறார்கள். மண் துகளோடு முட்டை ஒட்டிக்கொண்டிருக்கும் பிடி தளர இது வேண்டும். சல்லடையில் வடித்து, சென்ட்ரிஃபியூஜ் இயந்திரத்தில் சுழற்றி, அடியில் தங்கியதை எடுத்து, அதன்மேல் அடர்த்தியான கரைசலை ஊற்றுகிறார்கள். நாக்குப்பூச்சி எனப்படும் உருண்டைப் புழுவின் முட்டை தண்ணீரைவிடச் சற்றே கனம், ஒப்படர்த்தி 1.13 அளவு. உப்புக் கரைசலிலேயே மிதந்துவிடும். நாடாப்புழுவின் முட்டை அதைவிடக் கனமானது, 1.2க்கும் மேல். சமையல் உப்பை எவ்வளவு கரைத்தாலும் கரைசலின் அடர்த்தி 1.20ஐத் தாண்டாது. அதனால் உப்பை நம்பினால் நாடாப்புழு முட்டை மண்ணோடு மண்ணாகக் கீழேயே தங்கிவிடும். சர்க்கரைதான் கைகொடுக்கிறது. 355 மில்லிலிட்டர் தண்ணீரில் 454 கிராம் சர்க்கரையைக் கரைத்தால் அடர்த்தி 1.27 ஆகும். சர்க்கரை ஆலை உள்ள ஊரில் இதற்குத் தட்டுப்பாடு வராது.

மேலே வந்த படலத்தைக் கண்ணாடித் தகட்டில் எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால், தடித்த பழுப்பு நிறச் சுவர், அதில் ஆரம் ஆரமாகக் கோடுகள், உள்ளே ஆறு கொக்கிகள் தெரியும். அழகான முட்டை என்றுதான் சொல்ல வேண்டும். சிக்கல் என்னவென்றால் மாட்டிறைச்சி வழி வரும் நாடாப்புழு, நாயின் நாடாப்புழுக்கள் சில ஆகியவற்றின் முட்டைகளும் அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும். கால் நூற்றாண்டு அனுபவமுள்ள ஆய்வகப் பணியாளருக்கும் கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. நாய் இல்லாத தெரு நம்மிடம் ஏது? கண்டது நாடாப்புழு வகை முட்டை என்பதோடு நுண்ணோக்கி நின்றுவிடுகிறது. அதற்குமேல் எழுதுகிற அறிக்கையை நான் நம்பமாட்டேன்.

நாக்குப்பூச்சியிலும் இதே குழப்பம், வேறு வடிவில். பன்றிக்கு ஓர் உருண்டைப் புழு உண்டு, மனிதருக்கு ஓர் உருண்டைப் புழு உண்டு. இரண்டும் மிக நெருங்கிய உறவு, முட்டைகள் ஒன்றுபோல் இருக்கும். 1922இல் ஜப்பானில் ஷிமேசு கோயினோ என்ற மருத்துவர் மனிதப் புழுவின் 2,000 முட்டைகளைத் தானே விழுங்கினார். தம்பிக்குப் பன்றிப் புழுவின் 500 முட்டைகளைக் கொடுத்தார். சில நாட்களில் கோயினோவுக்குக் கடும் இருமலும் காய்ச்சலும் வந்தன; சளியில் இளம்புழுக்கள் நெளிந்தன. குடலுக்குப் போவதற்கு முன் இந்தப் புழு நுரையீரல் வழியாகச் சுற்றுகிறது என்பது அப்படித்தான் உறுதியானது. தம்பி அண்ணனிடம் என்ன சொன்னார் என்பது மருத்துவ இதழ்களில் இல்லை. மனிதப் புழு அரிதாகிவிட்ட பணக்கார நாடுகளில் இன்றைக்கும் அவ்வப்போது யாருக்காவது உருண்டைப் புழு வருகிறதென்றால், பெரும்பாலும் அது பன்றிப் பண்ணை வழி வந்ததாக இருக்கிறது. இந்தப் புழுவில் பன்றிச் சாணத்துக்கு உண்மையாகவே பங்கு உண்டு. இன்னொரு வேறுபாடும் முக்கியமானது. நாடாப்புழு முட்டை வெளியே வந்த நொடியிலேயே தொற்றும் தயார்நிலையில் இருக்கிறது. உருண்டைப் புழு முட்டை மண்ணில் இரண்டு மூன்று வாரமாவது பக்குவப்பட வேண்டும்; பக்குவப்பட்ட பின் ஈர மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தினமும் சாணத்தை அள்ளிவிடும் பட்டியில் இதன் சங்கிலி அறுபடுவதற்குக் காரணம் இதுவே.

கண்ணுக்குப் பிடிபடாததை டிஎன்ஏ பிடித்துத் தருகிறது. மண்ணிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, பன்றி நாடாப்புழுவுக்கு மட்டுமே உரிய ஒரு வரிசையை பிசிஆர் முறையில் பெருக்கிப் பார்த்தால் நாயா மனிதரா என்ற சந்தேகம் தீரும். ஆனால் மண் எளிதில் வழிக்கு வராது. மட்கிய இலைதழையிலிருந்து வரும் ஹியூமிக் அமிலம் பிசிஆர் வினையை முடக்கிவிடும். ஏரி வண்டலில் முட்டை களியோடு ஒட்டிக்கொள்ளும். பாலாற்று மணலில் சுலபமாகக் கழன்று வரும். ஒரே ஊரில் இரண்டு தெருவுக்கு இரண்டு விதமான மீட்பு. ஆகையால் தெரிந்த எண்ணிக்கையில் முட்டையை அந்தந்த ஊர் மண்ணிலேயே கலந்து, அதில் எத்தனை திரும்பக் கிடைக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்வதுதான் முறை. பலர் இதைச் செய்வதில்லை.

மண்ணின் அளவிலும் ஒரு கதை இருக்கிறது. வழக்கமான டிஎன்ஏ பிரித்தெடுக்கும் கிட்டுகள் கால் கிராம் மண்ணுக்காகச் செய்யப்பட்டவை. பாக்டீரியாவைத் தேட அது போதும். முட்டையைத் தேடப் போதாது. அண்மையில் கென்யா, பெனின், இந்தியா ஆகிய மூன்று நாடுகளில் குடற்புழுக்களுக்காக நடந்த ஒரு மண் ஆய்வில் 20 கிராம் மண்ணிலிருந்து டிஎன்ஏ எடுக்கும் முறையை உருவாக்கிச் சோதித்தார்கள். இந்தியாவுக்கான களம் தமிழ்நாடு. நாக்குப்பூச்சி, கொக்கிப்புழு வகைகளுக்கு உருவான முறை அது. பன்றி நாடாப்புழுவுக்கும் அந்த வழியில் போக முடியும்.

பிசிஆருக்கு ஒரு பெரிய குறை உண்டு. செத்த முட்டைக்கும் உயிருள்ள முட்டைக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. வெயிலில் வற்றிச் செத்த முட்டையும் ‘உண்டு’ என்றே காட்டும். உயிர் இருக்கிறதா என்று அறிய, முட்டையின் ஓட்டைக் குளோரின் கரைசலால் கரைத்து, உள்ளிருக்கும் இளம்புழுவுக்கு நீலச் சாயம் ஏற்றிப் பார்க்கிறார்கள். செத்தது சாயத்தை உறிஞ்சும், உயிருள்ளது உறிஞ்சாது. மண்ணிலிருந்து மீட்ட நாலைந்து முட்டைகளை வைத்துக்கொண்டு இதைச் செய்வது சாத்தியம், ஆனால் சிரமம்.

இத்தனை பாடுபட்டும் மண்ணில் முட்டை அகப்படாமல் போவதே அதிகம். அதனால் அனுபவமுள்ள ஆய்வாளர்கள் மண்ணை மட்டும் கேட்பதில்லை, பன்றியையும் கேட்கிறார்கள். நாள் முழுக்க ஊரைக் கிளறித் தின்னும் பன்றியைவிட விரிவாக மண் மாதிரி எடுக்கும் கருவி கிடையாது. பன்றியின் நாக்கை இழுத்து அடிப்புறம் தடவிப் பார்த்தால் கட்டி கைக்குத் தட்டுப்படும். பன்றி வாங்கி விற்பவர்களுக்கு உலகெங்கும் தெரிந்த பழைய வித்தை இது. கட்டி குறைவாக இருந்தால் தப்பிவிடும். அப்போது இரத்தப் பரிசோதனை உதவும். பெரு நாட்டில் இப்படிப் பன்றிகளின் இரத்தத்தைச் சோதித்து, குடலில் நாடாப்புழு உள்ளவர்களின் வீடுகளிலிருந்து தூரத்தை அளந்தார்கள். அந்த வீட்டிலிருந்து 50 மீட்டருக்குள் வளரும் பன்றிகளில் பத்தில் ஏறத்தாழ ஏழுக்குத் தொற்றின் தடயம் இருந்தது. 500 மீட்டருக்கு அப்பால் அது பத்தில் இரண்டுக்கும் குறைவு. பன்றி காட்டிக்கொடுப்பது பக்கத்து வீட்டு மனிதரின் குடலை.

பன்றியே இல்லாத இடத்திலும் இந்த நோய் வரும் என்பதற்கு நியூயார்க் சாட்சி. அங்கே பன்றி இறைச்சியைத் தொடாத வைதீக யூதச் சமூகத்தினர் சிலருக்கு மூளையில் இந்தக் கட்டிகள் இருந்தது 1992இல் வெளியானது. விசாரித்தபோது, தொற்று பரவலாக உள்ள லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்து அந்த வீடுகளில் சமைத்த பணியாளர்கள் வழியாக முட்டை வந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. ‘நாங்கள் சுத்த சைவம், எங்களுக்கு எப்படி வந்தது?’ என்று கேட்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இதுதான் பதில். கழுவாத கையும் கழுவாத கொத்தமல்லியும் போதும்.

பன்றி வளர்ப்பை ஒழிப்பது தீர்வு என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். குறைந்த இடத்தில், குறைந்த முதலீட்டில், ஓட்டல் கழிவையும் தவிட்டையும் இறைச்சியாக மாற்றித் தரும் தொழிலை ஒழித்துவிட்டு யாருக்கு என்ன கிடைக்கும்? பட்டியில் அடைத்து வளர்க்கும் பன்றிக்கு மனித மலம் எட்டாது, சுற்று அங்கேயே அறுந்துவிடும். படாளத்துக்கு வடக்கே, இதே மாவட்டத்தின் காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் பன்றி வளர்ப்பு பல்லாண்டாக ஆராயப்படுகிறது. வெள்ளை யார்க்‌ஷயரையும் நாட்டுப் பன்றியையும் கலந்து ‘தானுவாஸ் கேபிஎம் கோல்டு’ என்ற இனம் அங்கேதான் உருவானது. பன்றிக்கு இந்தப் புழுவைத் தடுக்கும் தடுப்பூசியும் இருக்கிறது. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் மார்ஷல் லைட்டவுலர்ஸ் குழு கண்டுபிடித்த புரதத்தைக் கொண்டு, ‘சிஸ்வாக்ஸ்’ என்ற பெயரில் தயாரிப்பது நம் பக்கத்து ஐதராபாத்தின் இந்தியன் இம்யூனாலஜிகல்ஸ் நிறுவனம். ஆக்ஸ்ஃபெண்டசோல் மருந்தோடு சேர்த்துப் போட்டால் பன்றியின் உடலில் கட்டியே தங்காது.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் கழிப்பறை. கட்டினால் போதாது, பயன்பட வேண்டும். பயன்பட்டாலும் குழி நிறைந்த பின் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். கழிவு எடுக்கும் லாரி வயலோரத்தில், ஓடையில், இருட்டில் கொட்டிவிட்டுப் போனால், ஒரு தெருவின் முட்டைகளை ஒரு வட்டாரத்துக்கே பங்கிட்டுக் கொடுத்தது போலாகும். இரட்டைக் குழிக் கழிப்பறையில் ஒரு குழியை மூடி ஓராண்டுக்கு மேல் ஆறவிட்ட பிறகே அள்ள வேண்டும் என்பது வெறும் விதியில்லை. முட்டை சாவதற்கான அவகாசம் அது.

வீட்டில் ஒருவருக்குத் திடீரென வலிப்பு வந்தால் கையில் சாவியைத் திணித்துக்கொண்டு நிற்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பூச்சி மாத்திரைதானே என்று கடையில் வாங்கியும் கொடுக்காதீர்கள். மூளையில் கட்டி இருப்பவருக்குப் புழுமருந்து கொடுத்தால், சாகிற கட்டியைச் சுற்றி வீக்கம் வந்து வலிப்பு அதிகரிக்கலாம். ஸ்கேன் பார்த்து, வீக்கத்தை அடக்கும் மருந்தோடு சேர்த்து மருத்துவர் கொடுக்க வேண்டியது அது.

மண்ணைப் பரிசோதிக்க ஊருக்கு வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பன்றி வளர்க்கும் பத்து வீடுகளில் மண் எடுத்தால், பன்றி வளர்க்காத பத்து வீடுகளிலும் எடுங்கள். பள்ளிக்கூட வளாகத்திலும் கழிவு லாரி நிற்கும் இடத்திலும் எடுங்கள். இவை எல்லாவற்றையும் அருகருகே வைத்துக் காட்டாத எந்த முடிவையும், பன்றி வளர்ப்பவர் மீது குற்றம் சொல்ல யாரும் பயன்படுத்தக் கூடாது.